எழுத்துப் பலகை சொல்லாத செய்தி

கண் மருத்துவப் பிரிவுக்கு ஒருமுறையேனும் வந்தவர்கள் அனைவரும் அறிந்த பொருள் ஒன்று உண்டு. அது சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு மறு கண்ணால் மேலிருந்து கீழாக எழுத்துகளை வாசிக்கிறோம். ஆறு மீட்டர் தொலைவிலிருந்து வாசிக்க வேண்டிய வரியை வாசித்துவிட்டால் மருத்துவச் சீட்டில் ‘6/6’ என்று எழுதப்படுகிறது. நோயாளியும் உடன் வந்தவரும் நிம்மதியோடு வீடு திரும்புகின்றனர்.

அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானதே. டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்த அச்சோதனை எளியது, நம்பத்தக்கது. ஆயினும் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. பலகையின் எழுத்துகள் அசைவதில்லை. அவற்றை நாம் ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கிறோம். மருத்துவமனை வாயிலைக் கடந்து சாலையில் கால் வைத்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. எதிரே பேருந்து ஓடுகிறது, மிதிவண்டி குறுக்கே வருகிறது, சிறுவன் எறிந்த பந்து பறக்கிறது. அசைகின்ற அவற்றையெல்லாம் இரு கண்களாலும் ஒருங்கே காண்கிறோம்.

ஆகவே, “எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது, டாக்டர். ஆனால் ஓடுகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடவில்லை” என்று ஒருவர் சொன்னால், 6/6 என்ற எண்ணைக் காட்டி அவரை மறுத்துவிடக் கூடாது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதற்கு உடலியல் காரணமும் இருக்கலாம். அதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமையே முதல் தேவை. இக்கட்டுரையின் வாயிலாக நான் வலியுறுத்த விரும்புவது இவ்வளவே.

இதை விளங்கிக்கொள்ள, நாம் ஆழத்தை எவ்வாறு உணர்கிறோம் என்பதை முதலில் பார்ப்போம். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளி உள்ளது. முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரோடு ஒப்பிட, விரல் இடமும் வலமுமாகத் தாவும். இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்பதே அதற்குக் காரணம். அந்தச் சிறு வேறுபாட்டை மூளை தொலைவாக மொழிபெயர்த்துக்கொள்கிறது. 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் இதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். சற்றே மாறுபட்ட இரண்டு தட்டையான படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டும் கருவியை அவர் அமைத்தார். அதன் வழியே பார்த்தவர்களுக்குத் தாளில் இருந்த கோடுகள் கனமுள்ள உருவமாக எழுந்து நின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மூளை இரு காட்சிகளையும் ஒப்பிட வேண்டுமானால், அவை ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். கண்ணில் விழும் ஒளி நரம்புச் செய்தியாக மாறி மூளையை அடையச் சிறிது நேரம் பிடிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் அந்த நேரம் நீள்கிறது. இரு கண்களும் ஒரே அளவு தாமதித்தால் ஒப்பீட்டுக்குக் கேடில்லை. ஒரு கண் மட்டும் மறு கண்ணைவிடச் சில மில்லிநொடிகள் பிந்தினால் என்ன ஆகும்? அசையாத பொருளைப் பொறுத்தவரை எதுவும் ஆகாது; அது முன்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அசையும் பொருளோ அதற்குள் இடம் மாறியிருக்கும். பிந்திய கண் அதைப் பழைய இடத்தில் காணும். மறு கண் புதிய இடத்தில் காணும். கால வேறுபாட்டை இட வேறுபாடாகக் கொள்ளும் மூளை, அதிலிருந்து இல்லாத ஆழம் ஒன்றைக் கணக்கிட்டுவிடும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நூலின் முனையில் ஒரு சாவியைக் கட்டி, ஒருவர் அதை உங்களுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக ஊசலாட்டட்டும். நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்து, இரு கண்களையும் திறந்தபடி பாருங்கள். சாவி நேர்கோட்டில் சென்று திரும்பும். பிறகு வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக்கண்ணின் முன் மட்டும் பிடியுங்கள். இரு கண்களும் திறந்தே இருக்கட்டும். பெரும்பாலானோருக்குச் சாவி இப்போது நீள்வட்டத்தில் சுழல்வதாகத் தோன்றும். இடமிருந்து வலம் போகையில் அது உங்களை நெருங்கி வரும். வலமிருந்து இடம் போகையில் விலகிச் செல்லும். வில்லையை இடக்கண்ணுக்கு மாற்றினால் சுழற்சியின் திசையும் மாறும். ஒரு கண்ணை மூடிவிட்டால் பழைய நேர்கோடு திரும்பிவிடும்.

இவ்வளவு சிறிய தாமதம் எவ்வளவு பெரிய பிழையை விளைவிக்கிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். சாவி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். ஒரு கண் 10 மில்லிநொடி, அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கு, பிந்தினால் இரு கண்களும் சாவியைக் காணும் இடங்களுக்கிடையே ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு உண்டாகும். இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள பொருளுக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் போதும். ஒரு திசையில் செல்லும்போது அது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அருகிலும், எதிர்த் திசையில் 40 சென்டிமீட்டர் அப்பாலும் இருப்பதாக வடிவியல் கணக்குக் காட்டுகிறது. வேகம் கூடினால் பிழையும் கூடும். சாவிக்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டால் இதன் தீவிரம் புரியும்.

இத்தோற்றத்தை 1922-இல் விரிவாக விளக்கி எழுதியவர் கார்ல் புல்ஃப்ரிக் என்னும் ஜெர்மானிய இயற்பியலாளர். ஜேனா நகரில் உள்ள கார்ல் சைஸ் ஒளியியல் தொழிற்சாலையில் அவர் பணிபுரிந்தார். இரு படங்களை இரு கண்களாலும் ஒருங்கே நோக்கி அளவெடுக்கும் கருவிகளை உருவாக்குவது அவர் தொழில். அத்தகைய அளவீட்டின்போது, இரு படங்களும் ஒளியில் வேறுபட்டிருந்தால், நகரும் அளவுக்குறி முன்னும் பின்னும் விலகுவதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. கண்ணுக்குக் கண் ஏற்படும் கால தாமதமே காரணம் என்ற விளக்கத்தைத் தந்தவர் அவருடைய சக ஊழியரான ஃபெர்ட்ஷ். புல்ஃப்ரிக் அதை ஏற்றுச் சோதனைகளால் உறுதிசெய்தார். இன்று அத்தோற்றம் ‘புல்ஃப்ரிக் விளைவு’ என அழைக்கப்படுகிறது.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. புல்ஃப்ரிக் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர். ஆகவே, தம் பெயரால் வழங்கும் அத்தோற்றத்தை அவரால் ஒருபோதும் காண இயலவில்லை. ‘எனக்குத் தெரியவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?’ என்று அவர் கேட்டிருக்கலாம். பார்த்தவர்கள் களைத்துப்போனார்கள் என்றோ, கற்பனை செய்கிறார்கள் என்றோ ஒதுக்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பிறர் கண்டதாகச் சொன்னதை நம்பினார். எப்போது தெரிகிறது, எத்திசையில் தெரிகிறது, எப்போது மறைகிறது என்று ஆராய்ந்தார். நோயாளியின் எதிரே அமரும் மருத்துவரும், அவருடன் வாழும் குடும்பத்தாரும் புல்ஃப்ரிக்கின் நிலையிலேயே இருக்கிறோம். அவர் காண்பதை நம்மால் காண முடியாது. அவர் சொல்வதைக் கேட்க மட்டுமே முடியும்.

ஆய்வுக்கூடத்து வேடிக்கையான இது நோயாளிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். கறுப்புக் கண்ணாடி இல்லாமலேயே ஒரு கண் பிந்திவிடும் நிலைமைகள் உள்ளன. ஒரு கண்ணில் மட்டும் கண்புரை முற்றியிருந்தால் அது அக்கண்ணுக்குள் செல்லும் ஒளியைக் குறைக்கிறது. ஒரு கண்ணுக்குப் புரை அறுவை முடிந்து, மறு கண்ணுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் இடைக்காலத்திலும் அறுவை செய்த கண் பளிச்சென்றும் மறு கண் மங்கலாகவும் இருக்கும். சொட்டு மருந்தாலோ காயத்தாலோ ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்திருந்தால், இரு கண்களும் பெறும் ஒளியின் அளவு வேறுபடும். இவை அனைத்தினும் முக்கியமானது பார்வை நரம்பு அழற்சி. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பின் மேலுறை அழற்சியால் சிதைவதால் செய்தியின் வேகம் குறைகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் பார்வை மீள்கிறது; பலகையின் சிறிய எழுத்துகளையும் வாசித்துவிடுகிறார்கள். எழுத்து தெளிந்த பின்னரும் செய்தியின் தாமதம் நீடிக்கலாம்.

அத்தகையவர் ஒருவரை, அடையாளம் தெரியாதவாறு, இங்கே குறிப்பிடுகிறேன். முப்பது வயதைக் கடந்த பெண்; பள்ளி ஆசிரியை. இடக்கண்ணில் பார்வை நரம்பு அழற்சி வந்து குணமாகியிருந்தது. இரு கண்களிலும் 6/6. ஆனால் அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சாலையைக் கடக்கக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஓடிவரும்போது பின்வாங்கினார். “பயம்தான், டாக்டர். நோய் வந்ததிலிருந்து மனம் சோர்ந்துவிட்டது” என்றார் கணவர், உண்மையான பரிவோடு. அந்தப் பெண்ணும் அப்படியே நம்பத் தொடங்கியிருந்தார். நூலில் கட்டிய ஒரு பேனாவை அவர் முன் ஊசலாட்டியபோது, “இது ஏன் வட்டமடிக்கிறது?” என்று கேட்டார். வலக்கண்ணின் முன் சற்றே நிறமூட்டிய வில்லையை வைத்ததும், “இப்போது நேராகப் போகிறது” என்றார். அருகில் நின்ற கணவர் நெடுநேரம் பேசவில்லை. மனைவியின் பயம் சரியான காரணம் உடைய பயம் என்பதை அவர் அப்போது அறிந்துகொண்டார்.

‘இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் இல்லாதவர்களும் இருப்பதாகக் கற்பனை செய்வார்கள்’ என்று மருத்துவ நண்பர்கள் சிலர் கூறுவதுண்டு. அந்த ஐயத்தை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. இத்தோற்றத்துக்குத் திட்டவட்டமான இலக்கணம் உண்டு. பிந்திய கண் எதுவோ, அதை ஒட்டியே சுழற்சியின் திசை அமையும். பொருள் நின்றால் தோற்றமும் நின்றுவிடும். ஒரு கண்ணை மூடினால் மறையும். நல்ல கண்ணின் முன் தகுந்த வில்லையை வைத்தால் குறையும். இவ்வளவையும் முன்கூட்டி அறியாத ஒருவர் கற்பனையால் சொல்லிவிட இயலாது. தேவையானால், தலையில் மின்முனைகளை ஒட்டி, திரையில் மாறும் சதுரங்கக் கட்டங்களைப் பார்க்கச் செய்து, பார்வைச் செய்தி மூளையை எட்டும் நேரத்தையே அளக்கலாம். வழக்கமாக 100 மில்லிநொடி அளவில் எழும் அலை, பாதிக்கப்பட்ட கண்ணில் பிந்தி எழும்.

புறநோயாளர் பிரிவின் நெரிசலில் இதற்கு நேரம் ஏது என்பது இரண்டாவது தடை. இது நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஊசல் கட்டிச் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கண்ணில் மட்டும் நோய் உள்ளவரிடம், ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை செய்துகொண்டவரிடம், ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “ஓடுகிற பொருள்களின் தூரத்தைக் கணிப்பதில் தடுமாற்றம் உண்டா?” இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அறுவைக்குப் பின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் அறிவுரைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதும் என் கருத்து. ‘மறு கண்ணுக்கும் அறுவை முடியும்வரை சாலையைக் கடக்கையிலும் வண்டி ஓட்டுகையிலும் கூடுதல் கவனம் தேவை’ என்ற ஒரு வரி ஒருவரைக் காக்கலாம்.

அந்த எச்சரிக்கை ஏன் தேவை என்பதற்குச் சாலையே சான்று. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே சாலையைக் கடக்க நிற்பவருக்கு முதலில் வலமிருந்து இடமாகச் செல்லும் வண்டிகளே எதிர்ப்படும். வலக்கண் பிந்தியவருக்கு, முன்னே குறுக்காகச் செல்லும் அவ்வண்டிகள் உள்ளபடி இருப்பதைவிட அப்பால் போவதாகத் தோன்றக்கூடும். இடக்கண் பிந்தியவருக்கு அவை மேலே வந்து மோதுவதுபோல் தோன்றலாம். முன்னவர் துணிந்து இறங்கிவிடுவார். பின்னவர் இறங்கவே அஞ்சுவார். இருவருக்கும் குறை ஒன்றே.

வேறொரு வகையினரையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு கண்ணைத் தூரப் பார்வைக்கும் மறு கண்ணைக் கிட்டப் பார்வைக்கும் அமைத்து லென்ஸ் பொருத்தும் முறை ஒன்று உண்டு. காண்டாக்ட் லென்ஸாகவும், புரை அறுவையில் உள்விழி லென்ஸாகவும் அது செய்யப்படுகிறது. கண்ணாடியின்றி வாசிக்கலாம் என்பதால் விரும்பி ஏற்போர் பலர். மனநிறைவோடு இருப்போரும் பலர். 2019-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஹன்னஸ் பர்க்கும் அவருடைய குழுவினரும் இதில் எதிர்பாராத விளைவு ஒன்றைக் கண்டறிந்தனர். மங்கிய காட்சி, தெளிந்த காட்சியைவிடச் சில மில்லிநொடிகள் முந்திச் செயலாக்கப்படுகிறது. ஆகவே அங்கும் அசைவில் ஆழப்பிழை உண்டாகலாம். அதன் திசை மட்டும் நேர்மாறானது. இம்முறையைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தொழில்முறையில் வண்டி ஓட்டுபவரும், பந்தாட்டம் ஆடுபவரும் லென்ஸ் தேர்வு செய்வதற்கு முன் தம் தொழிலையும் பழக்கத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே பொருள்.

குறை உறுதியானால் வழி உண்டு. புரையே காரணமானால் அறுவை அதைப் போக்கும். நரம்பின் தாமதம் நிலைத்துவிட்டால், நல்ல கண்ணின் முன் இலேசாக நிறமூட்டிய லென்ஸ் வைத்து இரு கண்களையும் சமன்செய்யலாம். அது சிலருக்கு நன்கு உதவுகிறது. ஆனால் அது ஒளியைக் குறைப்பதால் இரவில் வண்டி ஓட்ட ஏற்றதன்று. மருத்துவரின் அளவீடின்றித் தாமாக வாங்கி அணியவும் கூடாது. வேறு சிலருக்கு, தம் தடுமாற்றத்தின் காரணத்தை அறிந்துகொள்வதே பெரிய ஆறுதல். காரணம் தெரிந்தவர் எங்கே எச்சரிக்கை தேவை என்பதை அறிந்து நடந்துகொள்கிறார்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் தடுமாற்றத்தை மூன்று கேள்விகளாகப் பிரித்துக் குறித்துவாருங்கள். அது அசையும் பொருளைப் பார்க்கையில் மட்டும் ஏற்படுகிறதா, அசையாத பொருளிலும் உண்டா? ஒரு கண்ணை மூடினால் மறைகிறதா? பொருள் செல்லும் திசையைப் பொறுத்து மாறுகிறதா? ‘பார்வை ஒருமாதிரியாக இருக்கிறது’ என்பதைவிட இந்த மூன்று விடைகளும் மருத்துவருக்குப் பல மடங்கு உதவும். வீட்டில் ஊசலாட்டிப் பார்த்து, கறுப்பு வில்லை இல்லாமலேயே அது சுழல்வதாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அதைக் கொண்டு நீங்களே நோயை முடிவுசெய்ய வேண்டாம். திடீரென்று பார்வை குறைதல், கண்ணை அசைக்கையில் வலி, ஒன்று இரண்டாகத் தெரிதல், கைகால் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் எதையும் சோதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் தந்தை குவளையைத் தட்டிவிட்டால், மனைவி சாலையோரத்தில் தயங்கி நின்றால், மகன் எளிதான பந்தைத் தவறவிட்டால், ‘கண்தான் நன்றாக இருக்கிறதே’ என்று சொல்லும் முன் ஒரு கணம் பொறுங்கள். கண் நன்றாக இருக்கிறது என்று சீட்டு சொல்வது, அசையாத எழுத்தை ஒற்றைக் கண்ணால் வாசித்த கணக்கு. உங்களவர் வாழ்வது அசையும் உலகத்தில். அங்கே அவருக்கு என்ன தெரிகிறது என்பதை அவரிடமே கேளுங்கள். கேட்டதை எங்களிடம் வந்து சொல்லுங்கள்.